அரைப் புட்டிக் கிருமி

"எம் பங்குத் தண்ணிய மறிச்சிக்கினு இஞ்சிக்கு விடறியா? உன் இஞ்சி இன்னா ராஜா வூட்டுப் புள்ளையா?"

"நாக்க அடக்குடா கோதண்டபாணி! இன்னிக்கு மொற என்துடா!"

"எவன்டா சொன்னான் உன்துன்னு?"

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு பொதுக் கிணறு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அப்பாதுரை. அந்தப் பக்கம் பங்காளி கோதண்டபாணி. சித்திரை வெயிலில் இரண்டு தொண்டைகளும் கிழிந்துகொண்டிருந்தன.

ஊரே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட 1938-ஆம் வருஷத்தில், 'இஞ்சிதான் போடுவேன்' என்று ஒற்றைக்காலில் நின்ற மகராசன் அப்பாதுரை. அவன் மனைவி கிளியம்மாள் விதை இஞ்சிக் கூடையோடு நின்றாள். விலக்கிவிடலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்...

கோதண்டபாணி அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தான்.

வசவு வரவில்லை!

மார்பைப் பிடித்தான். வாய்க்காலுக்குக் குறுக்கே அப்பாதுரையின் இஞ்சிப் பாத்தியில் குப்புற விழுந்தான். அப்புறம் அசையவே இல்லை.

"ஐயோ... எம் புருஷன கொன்னுட்டாங்களே!" அவன் மனைவி பவுனுவின் அலறல் ரயில்வே கேட் வரைக்கும் போனது. "நேத்து சமாதானம்னு கூப்ட்டு மோர் குடுத்தானே உம் புருஷன்... அதுல இன்னாத்தடி கலந்தீங்க கிளியம்மா?"

சப்-இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி வந்தார். வரப்பில் கிடந்த புட்டியைத் தூக்கிப் பார்த்தார். பாதி காலி.

"இது இன்னாய்யா?"

"இஞ்சி ஒரம் எசமான். வெவசாய ஆபீசு சீனுவாசன் சாரு குடுத்தது. ஆறின கஞ்சியில கலந்து, வெத இஞ்சிய முக்கி, நெழல்ல காய வச்சி நடணும். கெழங்கு தடியா வருமாம்."

"உள்ள இன்னா இருக்குது?"

அப்பாதுரை பெருமையாகச் சொன்னான். அதுதான் வினை.

"உசுரோட கிருமிங்க!"

கூட்டம் குபீரென்று பின்வாங்கியது. மாசியில்தான் காலரா வந்து கால்வாசித் தெருவை அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"மீதி எங்கடா?"

"இஞ்சிக்குத்தான் ஊத்தினேன் எசமான்..."

"இஞ்சிக்கா... பங்காளிக்கா?"

க்ளிக்!

விலங்கு விழுந்தது.

ஸ்டேஷன் வாசலில் கிளியம்மாள் பழியாய்க் கிடந்தாள். புருஷன் தூக்கில் தொங்கப் போகிறான். அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"எசமான்... ஒரே ஒரு வார்த்த..."

"அப்பறம் வாம்மா!"

"ஏட்டையா, நீங்களாவது..."

"பேஜாரு பண்ணாத. எழுந்து போ!"

வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக் குப்பம்மாள் ஆறுதல் சொன்னாள். "தாலிய இப்பவே கழட்டி வச்சிப் பாருடி. வெறுங் கழுத்து பழகிக்கும்." ஆறுதல் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

கடைசியில் விவசாய ஆபீஸ் சீனுவாசனை விசாரணைக்குக் கூட்டிவந்தார்கள். கிளியம்மாள் பாய்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரு, நான் அந்தப் புட்டிய கொதிக்க வச்சிட்டேன்! கிருமி இருந்தா கொதிக்க வைங்கன்னு காலராவுல தமுக்கு போட்டாங்களே... அவரு சந்தைக்குப் போனப்ப சட்டியில ஊத்தி, தளதளன்னு கொதிக்க வச்சி, ஆற வச்சி ரொப்பி வச்சேன். தெரிஞ்சா அடிப்பாருன்னு சொல்லல!"

சீனுவாசன் தலையில் அடித்துக்கொண்டார். "சூடே காட்டக் கூடாதுன்னு சொன்னேனேம்மா! அது மண்ணுல இருந்து எடுத்து வளத்தது. காத்துல இருக்கற சத்த இழுத்து வேருக்குக் குடுக்கும். மனுஷன அது ஒண்ணும் பண்ணாது சார்!"

"உங்க சரக்க நீங்க விட்டுக்குடுப்பீங்களா?" தட்சிணாமூர்த்தி உறுமினார்.

"சரி, உசுரோட இருந்தாதான சந்தேகம்? இந்தம்மா வேக வச்சிட்டாங்க. இப்ப அது வெறும் சேத்துத் தண்ணி!"

அதே நேரம், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பிணத்தோடு போன இன்னொரு ஏட்டு வந்து சல்யூட் அடித்தார்.

"டாக்டரு சொல்லிட்டாருங்க. இருதயம் நின்னு போச்சாம். கத்தின கத்தல்ல போயிருக்கான். விஷமும் இல்ல, காலராவும் இல்ல!"

லாக்கப் பூட்டு திறந்தது!

அப்பாதுரை ஒரு காலை வெளியே வைத்தான்... நின்றான்.

"இன்னாடி சொன்ன? வேக வச்சியா?"

"ஆமாங்க... கோவப்படாதீங்க..."

"அடிப்பாவி! அதான் நேத்து மோர் குடிச்சவன் இன்னிக்கு வாய்க்கால்ல வந்து கல்லு மாதிரி நின்னு கத்தினானா? அரைப் புட்டிய அந்தப் பய வயித்துல வீணாக்கிட்டேனேடி!"

ஏட்டு கையில் பூட்டோடு திரும்பி வந்தார்.

தட்சிணாமூர்த்தி மெதுவாகக் கதவைச் சாத்தினார். அப்பாதுரையின் கால் உள்ளே போனது.

"எசமான்... அவரு வெளையாட்டுக்கு சொல்றாரு..." கிளியம்மாள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதால சாகலைன்னா இன்னாம்மா? சாகட்டும்னுதான ஊத்தியிருக்கான்!"

அப்பாதுரை கடலூர் ஜெயிலுக்குப் போனான். இஞ்சி சுண்டுவிரல் பருமன்கூட வரவில்லை. சீனுவாசன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார். பவுனு அடுத்த தையில் முகையூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள்.

கிளியம்மாள் விக்கிரவாண்டிக்குக் குடிபோய்ச் சுக்குக் காப்பிக் கடை போட்டாள். நல்ல வியாபாரம். திண்டிவனத்து ஆட்கள் மட்டும் கடை வாசலில் நின்று நலம் விசாரிப்பார்கள்... 'அம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வரோம்!' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்!