குளியலறையில் கிடந்த ஆமை

குளியலறைக்குள் இருந்து அந்த மூச்சு மறுபடியும் கேட்டது. ஆமையை வெட்டி, இறைச்சியைப் பிரித்து, தரையைச் சவர்க்காரத்தூள் போட்டு மூன்று தரம் உரஞ்சிக் கழுவியது நேற்றுக் காலை. இன்று ஞாயிறு, பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வீட்டு வளவில் தகரப் பந்தலின் கீழ், பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். றொகான் இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல்களோடு குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றான்.

ஒரேயொரு பெருமூச்சு. பாரம் தூக்கி வந்த ஆள் அதை இறக்கி வைத்துவிட்டு விடுகிற மூச்சு. இரண்டு நாள் முழுக்கக் கேட்டதில் அதன் இடைவெளி அவனுக்குத் தெரியும். ஒன்று விட்டால் அடுத்ததற்கு நூறு எண்ண வேண்டும். முதலில் சும்மாதான் எண்ணத் தொடங்கினான். பிறகு, எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இப்போதும் எண்ணினான். தொண்ணூற்றெட்டில் வந்தது. கதவைத் தள்ளினான். ஈரத் தரை, ஒரு வாளி, பிள்ளையைக் குளிப்பாட்டும் நீலப் பேசின். எவ்வளவு கழுவியும் போகாத பாசி நாற்றம் மட்டும் மூக்கில் ஏறியது. அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை குருநகர்க் கரைக்குத் திரும்பும்போதுதான் அது வலையோடு வந்தது. ஆமை பிடிப்பது குற்றம் என்பது படகில் இருந்த இருவருக்கும் தெரியும். மாமனார் பிலிப்பு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"மாதா தந்தது, தம்பி. உவள் ஜெயனியின்ரை ஞானஸ்நானத்துக்கும் ஆமைதான் வெட்டினது. மல்லாத்திப் போடு. ஞாயிறு வரைக்கும் கிடக்கும்."

மல்லாத்திப் போட்ட ஆமை தானாகத் திரும்பாது. ஐஸ் வேண்டாம், பழுதாகாது, ஈரச்சாக்கால் மூடிவிட்டால் வேண்டிய நாளில் வெட்டலாம். அந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத வேலை. றொகான் மல்லாத்தினான். அப்போதுதான் அதன் இடது முன்துடுப்பில் இருந்த சிறு தகடு கண்ணில் பட்டது.

தகட்டில் இருந்த இலக்கம் அவனுக்குப் பாடம். வீட்டு விறாந்தையில் சட்டம் போட்ட படம் ஒன்று, அடியில் அதே இலக்கத்தோடு தொங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன் வலையில் அகப்பட்ட ஓர் ஆமையை றொகானும் நிருஷனும் தூக்கிக் கடலில் விடுகிறார்கள். பக்கத்தில் பங்குச் சுவாமி ஜெபிக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். ஆமைகளைக் காப்பாற்றும் சங்கத்தில் வேலை செய்யும் நிருஷன், அன்றைக்குத்தான் அந்தத் தகட்டைப் பூட்டினான். இனி ஆமை வந்தால் விடுவோம் என்று கடற்றொழிலாளர் எல்லோர் சார்பிலும் றொகான் மைக்கில் சத்தியம் செய்தான். ஊரே கேட்டது.

மாமா திரும்பிப் பார்க்குமுன் குறட்டால் தகட்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அது கடலுக்குள் போயிருக்கும். மாமா சிரிப்பாரே என்ற வெட்கம் அவனைத் தடுத்தது. அதைவிடப் பெரிய வெட்கம் வரும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ள மறைவான இடம் குளியலறை ஒன்றுதான். ஆமை அங்கே கிடந்தது. பெரியவர்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் குளித்தார்கள். பிள்ளையை மட்டும் மனைவி ஜெயனி உள்ளேயே, ஆமைக்குப் பக்கத்தில் பேசினை வைத்துக் குளிப்பாட்டினாள். ஆமை துடுப்புகளைக் காற்றில் மெல்ல வீசும். அதன் கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வடியும். பிள்ளை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

"பிள்ளைக்கு அது விளையாட்டுக் காட்டுது, பாருங்கோ," என்று ஜெயனி சிரித்தாள். பிறகு முகம் வாடிவிட்டது. "நாலு மாசம் முடிஞ்சுது. இன்னும் குப்புற உடம்பு பிரட்டேல்லை."

சனி காலை வெட்டும்போது றொகான்தான் துடுப்பைப் பிடித்தான். ஓட்டைப் பிரித்த பிறகும் மூச்சு வந்தது. இதயத்தைத் தனியே சட்டியில் போட்டார்கள். அது மத்தியானச் சாப்பாடு வரை சட்டிக்குள் துடித்துக்கொண்டு கிடந்தது. மாமா அதை வைத்துப் பகிடி விட்டார். எல்லோரோடும் சேர்ந்து றொகானும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

போத்தல்களைப் பந்தலில் வைத்தான். நிருஷன் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினான்.

"இன்னும் ரெண்டு துண்டு போடு, மச்சான். ஆடோ?"

"ஓம். ஆடுதான்."

விசயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்கள். நிருஷன் ருசித்துச் சாப்பிட்டான்.

"உனக்கொரு சந்தோசமான விசயம் சொல்ல வேணும். நீ விட்ட ஆமையைப் போன கிழமை மண்டைதீவுப் பக்கம் கண்டிருக்கினம். திரும்பி வந்திட்டுது, பாரன். வயித்திலை முட்டையாம்."

"ஓம்," என்றான் றொகான். முட்டைகளைத் தங்கள் வீட்டில் நேற்று அவித்தது அவனுக்குத் தெரியும். கால் மாறி நின்றான். நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போல இருந்தது.

ஜெயனி பிள்ளையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். "நித்திரை தூங்குது. உள்ளை கிடத்திப்போட்டு வாங்கோ."

அறையில் வெளிச்சம் குறைவு. யன்னல் சீலை அசையவில்லை. கோயிலில் பூசிய எண்ணெய் மணமும் பவுடர் மணமும் வந்த பிள்ளையிடம், கழுத்தடியில் வேறொன்றும் மணத்தது. பாசி. பாயில் மல்லாக்கக் கிடத்தினான். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டான். அப்போது அந்த மூச்சு வந்தது.

குளியலறையில் இருந்து அல்ல.

அவன் குனிந்தான். பிள்ளையின் வாய் திறந்து மூடியது. பிறகு மார்பு அசையவில்லை. இருபது. நாற்பது. அவன் விரலை மூக்கின் கீழ் பிடித்தான். காற்று இல்லை. அறுபது. கண்கள் திறந்திருந்தன. ஓரத்தில் கொழகொழவென்று நீர். இரண்டு கையும் ஒன்றாக எழுந்து, காற்றில் மெல்ல வீசி, ஒன்றாக விழுந்தன. எண்பது.

ஜெயனியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள். நிருஷனும் வருவான். என்னவென்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை கிடக்கிறது, அவன் நிற்கிறான்.

தொண்ணூற்றெட்டில் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை செய்யாததை இப்போது செய்தான். முழந்தாளிட்டு, பிள்ளையின் முதுகுக்குக் கீழே கை கொடுத்து, குப்புறப் புரட்டினான்.

பிள்ளை தலையைத் தூக்கியது. இரண்டு கையையும் ஒன்றாக முன்னால் ஊன்றி உடம்பை இழுத்தது. மறுபடியும். பாயைத் தாண்டியது. குசினியைத் தாண்டியது. அவன் பின்னால் போனான். தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது. பின்வாசல் படியில் அது சரிந்து மணலில் இறங்கியது. எதிரே இருபது அடியில் கடல்.

கைகழுவும் தொட்டியடியில் ஆட்கள் நின்றார்கள். ஜெயனிதான் முதலில் கண்டாள்.

"இஞ்சை பாருங்கோ, பிள்ளை உடம்பு பிரட்டிட்டாள். தவழுறாள்."

எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் போலவே. மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். பிள்ளை நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை மணலில் இழுபட்டது. இருபக்கமும் கைகள் வழித்த வளைவு, நடுவில் வயிறு தேய்ந்த கோடு. நிருஷன் மட்டும் கை தட்டவில்லை. அந்தத் தடத்தைப் பல கரைகளில் அளந்தவன் அவன். தடத்தைப் பார்த்தான். கையில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தான். பிறகு றொகானைப் பார்த்தான்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பிள்ளையின் கைகள் நீரைத் தொட்டன. ஜெயனி ஓடிப் போய்த் தூக்கினாள். தூக்கிய பிறகும் இரண்டு கையும் கடல் பக்கமாக, ஒன்றாக வீசின. பிள்ளை ஒரு மூச்சு விட்டது. தொட்டியடியில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

"என்னப்பா, பிள்ளை மூச்சு விடேல்லை," என்றாள் ஜெயனி. "என்னப்பா, ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

பயப்படாதே, நூறு வரைக்கும் பொறு என்று சொல்ல வேண்டும். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். அவன் சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டான். சட்டை மாற்றும்போதெல்லாம் கூடவே மாற்றிய தகடு உள்ளிருந்து விரலில் குத்தியது. நிருஷன் கண்ணை எடுக்கவில்லை. றொகானின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு.

நூற்றியொன்று.

ஜெயனியின் கையில் பிள்ளை மல்லாந்து கிடந்தது. றொகான் எண்ணிக்கொண்டே நின்றான்.