கதவு ஜெபம்

மழை இல்லாமல் போனது நல்லதாயிற்று என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். கவனிக்க ஆளில்லாத நோயாளிகளைப் படுக்க வைத்திருக்கும் பழைய கட்டடம் அது. நான் போதகரின் தங்கை. அண்ணி, போதகரின் மனைவி. மூன்றாவது ஆள் கூட்ஸ் அண்ணன். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால், கூட்ஸ் வண்டி போகும்போது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட கதைதான். பெட்டி போய்க்கொண்டே இருக்கும், நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு முகம் துடைத்து, தலை வாரி, நகம் வெட்டிவிடுவது எங்கள் ஊழியம். சபையில் இதைப் பற்றி மைக் பிடித்துப் பேசுகிறவள் நான். "தொட்டுச் செய்யணும், தூர நின்னு இல்ல" என்று நான் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆனால் என் மூக்கு பொல்லாதது. புண் நாறும் அறைகளுக்கென்று நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். உள்ளே போவதில்லை. வாசலில் நின்று, கண்ணை மூடி ஜெபித்து, நகர்ந்துவிடுவோம். அதற்குக் கதவு ஜெபம் என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வதும் உண்டு. வாய் வாழைப்பழம், கை கருணைக்கிழங்கு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நர்ஸ் எங்களை வழியிலேயே மறித்தாள். ஒரு கையில் ஊசித் தட்டு, இன்னொரு கையில் அழுக்குத் துணி.

"கடைசி ரூம் சமையல்காரம்மாவுக்கு முதுகுப் புண்ணு பெருசாயிடுச்சுக்கா. காலைலேர்ந்து மல்லாக்கவே கெடக்கறாங்க. திருப்பிப் போட ரெண்டு பேர் வேணும், நான் ஒருத்திதான் இருக்கேன். கொஞ்சம் ஒரு கை குடுங்க."

"முதல்ல ஜெபிச்சிட்டு வர்றோம்மா" என்றேன்.

நடையின் கடைசியில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பக்கத்து ஜன்னல்களை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். பினாயில் வாசனையைத் தாண்டிக்கொண்டு அந்த நாற்றம் வந்தது, இனிப்பும் அழுகலுமாக. அண்ணி முந்தானையை மூக்கில் வைத்தாள். நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். ஒரு காலத்தில் சமையல் வேலை பார்த்து, இப்போது கட்டிலில் கனத்த உடம்போடு கிடந்த சமையல்காரம்மா எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூட்ஸ் அண்ணன், "பரலோக பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டார்.

கண்களை மூடிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. துணியை நனைத்துப் பிழிகிற சத்தம். நர்ஸ் வந்துவிட்டாள், நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். சமையல்காரம்மாவின் முனகல் மெல்ல அடங்கி, நிம்மதியான ஒரு பெருமூச்சு வந்தது. நாற்றம் விலகி சோப்பு வாசனை எழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. அறைக்கு இருப்பது ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டு நிற்பது நாங்கள்.

எங்களைத் தாண்டி யாரும் போகவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

கட்டிலருகே ஒருவரும் இல்லை. கிண்ணத்துத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. சமையல்காரம்மாவின் உடம்பு தானாக ஒருக்களித்து மேலே எழுந்துகொண்டிருந்தது. அவர் தோள்சதையில் நான்கு இடங்களில் குழி விழுந்திருந்தது, அதில் ஒன்று மட்டும் அகலமாக.

விரல்கள் அழுத்திய குழி.

விரல்கள் இல்லை.

"அண்ணி..."

"உஷ்! ஜெபம் நடக்குதுல்ல?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

நான் அலறிவிட்டேன். அந்த நொடியில் தோளின் குழிகள் மறைந்தன. பாதி எழுந்த உடம்பு தொப்பென்று மல்லாக்க விழுந்தது. புண்ணின் மேலேயே விழுந்ததில் அந்த அம்மா துடித்துப் போனார். கூட்ஸ் அண்ணன் வாழ்நாளில் முதல் தடவையாக ஆமென் சொல்லாமல் நிறுத்தினார்.

"ஏம்மா கத்தின?" சமையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "பாதியில விட்டுட்டுப் போயிடுச்சே அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"நீங்க கண்ண மூடினா வரும். தொறந்தா போயிடும். மூஞ்சி சுளிக்காம தொடைக்கும்."

அண்ணியும் கூட்ஸ் அண்ணனும் போன வேகத்தில் செருப்புச் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. நான் மட்டும் வாசலிலேயே நின்றேன். அலறல் கேட்டு ஓடிவந்த நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"இவங்களுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல தீக்காயத்தோட ஒரு பொண்ணு இருந்தா. உங்களுக்குத் தெரியாதுக்கா."

"நான் வாராவாரம் வர்றேனே."

"வருவீங்க. கண்ண மூடிட்டுல்ல நிப்பீங்க?" நர்ஸ் என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஜெபம் முடியறவரைக்கும் கைய நீட்டிட்டே கெடப்பா. யாராவது ஒருத்தர் வந்து பிடிச்சுப்பாங்கன்னு. வெந்து, ரெண்டு விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன கை. நீங்க ஆமென் சொன்ன வேகத்துல திரும்பிடுவீங்க. அக்கா போயிட்டாங்களான்னு கேப்பா. கடைசியில நீங்க வாசல்ல நின்னப்பவே உசிரு போச்சு. நீட்டின கைய எங்களால மடக்கவே முடியல."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மைக்கில் நான் பேசியதெல்லாம் காதுக்குள் திரும்பி ஒலித்தது. பேயை விட அந்தக் குரல்தான் அருவருப்பாக இருந்தது. சீ, நானும் ஒரு விசுவாசியா?

வேறொரு அறையில் மணி அடித்தது. "தோ வந்துடறேன்" என்று நர்ஸ் ஓடினாள்.

வெளியிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். "வந்துடுடி! வண்டி எடுக்கச் சொல்லிட்டேன்!"

சமையல்காரம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "ரொம்ப எரியுதும்மா. திருப்பி விடறியா? இல்ல, ஜெபந்தானா?"

நான் உள்ளே போனேன்.

ஜெபிக்கவில்லை. எந்த வாயால் ஜெபிப்பது? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் நுழைத்தேன். விரிப்பு ஈரமாக, சூடாக இருந்தது. தம் கட்டித் தூக்கினேன். அசையவில்லை. மறுபடியும் தூக்கினேன். என் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது தடவை கனம் குறைந்தது.

கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தூக்கினார்கள்.

கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. எதிரே வெறும் சுவர்தான் தெரிந்தது. சமையல்காரம்மா வலிக்காமல் ஒருக்களித்து, "அப்பாடா" என்றார். அவர் விலாவுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த என் கையை ஏதோ ஒன்று தடவித் தேடி வந்தது. சொரசொரப்பான தோல். ஐஸ் போன்ற குளிர்ச்சி.

இரண்டு விரல்கள் ஒட்டியே இருந்தன.

"அட, ஒத்த ஆளா எப்படிக்கா திருப்பினீங்க?" நர்ஸ் திரும்பி வந்திருந்தாள். அவள் கையில் புது விரிப்பு. "சரி, கைய எடுங்க. அடியில இருக்கறத உருவணும்."

இழுத்துப் பார்த்தேன். பிடி இறுகியது.

"இரும்மா" என்றேன். அழுகையில் குரல் உடைந்தது. "விடமாட்டேங்கறா."