சிவிகைத் தண்டில் ஒரு விரிசல்

வெள்ளாற்றின் தென்கரையில் அந்தி மயங்கிக்கொண்டிருந்த அவ்வேளையில், நீர்ப்பரப்பு முழுவதும் பொன்னும் குங்குமமும் கலந்து தகதகத்ததையும், நாணற்புதர்களுக்கு மேலே நாரைகள் வரிசை வரிசையாய்க் கூடு திரும்பியதையும், கீழ்வானில் முழுமதி எழத் தொடங்கியதையும் விரிவாக வருணிப்பது நமது கடமைதான். ஆனால் அன்பார்ந்த வாசகர்களே, அக்கரையில் பாசறை அமைத்திருந்த குறும்பைக்கோட்டை வீரர்களில் ஒருவர்கூட அந்த அழகைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாண்டு முற்றுகையில் அவர்கள் அவ்வளவு களைத்துப் போயிருந்தார்கள். முற்றுகையை விலக்கி வடகரைக்குத் திரும்பியிருந்த கானநாட்டுப் படைகளின் கூடாரங்களிலும் அன்று பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போர் முடிவதாக இருந்தது. குறும்பைக்கோட்டை இளவரசி நீலநங்கை சிவிகையில் ஆற்றைக் கடந்து, கானநாட்டு மன்னன் விடங்கத்தேவனுக்கு மாலையிட வேண்டும் என்பது உடன்படிக்கை. மணமகனின் முகத்தைத் தென்கரையில் கண்டவர் எவருமில்லை. சூரியன் ஒரு கோல் உயரம் ஏறுவதற்குள் சிவிகை வந்து சேராவிட்டால் மீண்டும் போர் என்றும் அந்த உடன்படிக்கை ஓலையில் எழுதியிருந்தது.

இந்த நிலையில்தான் சிவிகையின் தண்டில் ஒரு விரிசல் கண்டது. அது ஒரு விரல் நீளம்கூட இல்லை. இருந்தாலும் விரிசல் கண்ட தண்டைச் சிவிகை தூக்குவோர் தோளில் ஏற்க மாட்டார்கள். அது அவர்கள் குலவழக்கம். நடந்து போகலாமே என்றால், கால்நடையாக ஆற்றைக் கடப்பவள் மணமகளல்லள், சிறைப்பட்டவள். அதை வீரர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆகவே செய்தி வெளியே பரவுமுன் அதைச் சரிசெய்தாக வேண்டும். பாசறைத் தச்சரோ முற்றுகையில் மாண்டுவிட்டார். சேனாதிபதி மழவராயர், துறையில் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவனை அழைத்து வந்து இளவரசியின் கூடாரத்தில் விட்டுவிட்டு வெளியே காவல் நின்றார்.

வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் பூவன் என்றான். விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் முனையில் ஊசித்துளை ஒன்று இட்டான். வச்சிரப் பசையைத் தணலில் இளக்கினான். வேங்கை மரத் துண்டு ஒன்றிலிருந்து மெல்லிய சிம்பு சீவி, பசை தடவி, விரிசலுக்குள் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினான்.

நீலநங்கை தரையில் விரித்த கம்பளத்தில் அமர்ந்து, முழங்காலில் முகவாயை ஊன்றியபடி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உறங்கி மூன்று நாட்களாகியிருந்தன.

"தச்சரே, அந்தச் சிம்பில் ஒரு சிறு கணு தெரிகிறதே. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?" என்றாள்.

"பின்பக்கம், தேவி."

"தண்டிலுள்ள கணுக்கள்?"

அவன் குனிந்து பார்த்தான். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "முன்பக்கம்," என்றான்.

"கணு எப்போதும் மரத்தின் நுனிப்பக்கமே சாயும். அப்படியானால் தண்டின் நுனி முன்னே இருக்கிறது. ஒட்டின் நுனியோ பின்னே இருக்கிறது. அடிக்கு அடியும் நுனிக்கு நுனியும் பார்த்து ஒட்டாத தச்சர் இந்த நாட்டில் பிறக்கவில்லை. அவர்கள் உறக்கத்தில்கூட அந்தப் பிழையைச் செய்ய மாட்டார்கள்."

அவன் கொட்டாப்புளியைக் கீழே வைத்தான்.

"இந்தப் பிழையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உங்கள் கானநாட்டுப் படையின் முறிந்த ஏணிகள் எங்கள் அகழியில் விழுந்து கிடக்கும். கோட்டைக்குள் விறகு தீர்ந்ததும் அவற்றைத்தான் எரித்தோம். ஒவ்வொன்றிலும் ஒட்டு தலைகீழாக இருக்கும். அம்புக்கு நடுவே ஏணி பழுது பார்ப்பவர்களுக்கு அடி எது, நுனி எது என்று பார்க்க நேரமேது என்று நினைத்துக்கொள்வேன். நீர் அந்தத் தொழிலைப் போர்க்களத்தில் கற்றவர்."

"ஆம்," என்றான் அவன். மறுத்துப் பேசவும் அவனுக்குச் சலிப்பாக இருந்தது போலும்.

"அப்படியொரு ஏணியில் ஏறி வந்தவன்தான் என் தம்பி இளங்காரியைக் கொன்றான். தம்பிக்குப் பதினெட்டு வயது."

"அந்த ஏணியை நானே ஒட்டியிருக்கவும் கூடும், தேவி. இல்லையென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை."

"உம்மை அனுப்பியவர் யார்?"

"யாரும் அனுப்பவில்லை. சிவிகைக்குள் வாள்வீரர்கள் ஒளிந்து வருவார்கள், ஆற்றின் நடுவிலேயே அம்பெய்து முடித்துவிடலாம் என்கிறார்கள் எங்கள் அமைச்சர்கள். உண்மையை ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டியிருந்தது. அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வராததைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் நானே வந்தேன்."

வாசகர்களே, கூடாரத்துக்கு வெளியே நாலடி தூரத்தில் மழவராயர் நிற்கிறார். ஒரு சொல் போதும், இவன் தலை தரையில் உருளும். அதோடு உடன்படிக்கையும் உருளும். மறுபடி ஏணிகள் வரும், மறுபடி யாரோ ஒருத்தியின் தம்பி மதிலிலிருந்து விழுவான். தம்பியை எண்ணி நீலநங்கையின் நெஞ்சு எரிந்தது. ஆனால் பகைத்துப் பகைத்து அவளும் ஓய்ந்து போயிருந்தாள் என்பதை நாம் மறைப்பானேன்?

"சிவிகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்," என்றாள்.

அவன் திரையை விலக்கிப் பார்த்தான். உள்ளே ஒரு திண்டும் ஒரு மாலையும் மட்டுமே இருந்தன.

"பசை இறுகுமுன் சிம்பைப் பிடுங்கித் திருப்பி வையும்."

அவன் பிடுங்கினான். பழைய பசையைச் சுரண்டி, சிம்பைத் திருப்பி, மீண்டும் பசை தடவினான். இம்முறை மெல்ல மெல்லத் தட்டினான். மேலே கயிறு சுற்றி முறுக்கிக் கட்டினான். விரல்களெல்லாம் பசை அப்பிக் கருத்திருந்தன.

"விடியும்வரை அசைக்கக் கூடாது. விடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது," என்றான்.

"ஆற்றின் நடுவில் முறிந்தால்?"

அவன் தண்டின்மேல் கை வைத்தான். "முறியாது. முறிந்தால் அந்த இடத்தில் என் தோள் இருக்கும். இது சத்தியம்."

நீலநங்கை எழுந்து வாயில்திரையை விலக்கினாள். "மழவராயரே, வேலை முடிந்தது. இவரைத் துறைவரை கொண்டுபோய் விட்டு வாருங்கள். இவர்மேல் ஒருவர் கையும் படக்கூடாது."

மறுநாள் காலை சிவிகை ஆற்றில் இறங்கியது. தூக்கியவர்களின் இடுப்பளவு நீர் ஓடிற்று. எதிர்க்கரையில் வில்லாளிகள் நாணேற்றி நின்றார்கள். நட்டாற்றை நெருங்கியபோது அக்கரை யானைமீதிருந்து ஒருவர் இறங்கினார். முடியைக் கழற்றிப் பாகனிடம் கொடுத்துவிட்டு, வாளில்லாமல், வேலில்லாமல் தண்ணீருக்குள் நடந்து வந்தார். "மன்னர்," என்று முணுமுணுத்து வில்லாளிகள் வில்லைத் தாழ்த்தினார்கள். அருகே நீரில் நடந்து வந்த மழவராயர் அந்த முகத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மன்னரோ சிவிகை தூக்கிய முன்வரிசைக்காரர் ஒருவரை விலக்கி, ஒட்டுப்போட்ட இடத்தின் கீழ்த் தம் தோளைக் கொடுத்தார். திரை விலகியது. தண்டைப் பற்றியிருந்த விரல்களில் காய்ந்த பசைக்கறையை நீலநங்கை கண்டாள்.

"இப்போது கணு எந்தப் பக்கம் பார்க்கிறது, தேவி?" என்று திரும்பாமலே கேட்டான் விடங்கத்தேவன்.

"முன்பக்கம்," என்றாள் அவள். "நடங்கள்."