பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம்

சாட்சிக்கண்ணின் முன்னால் செவ்வந்தியை உட்கார வைத்தார்கள். காவல் நிலையச் சுவரில் பதித்த, எலுமிச்சை அளவுப் படக்கருவி அது. மேசைமேல் இருந்த திரையில் அவள் முகம் உடனே வந்தது. கல்யாணப் பத்திரிகையில் போடலாம், அவ்வளவு அழகு.

திரைக்கு இந்தப் பக்கம் இருந்த செவ்வந்திக்கு இடது கண் மூடிக் கிடந்தது. கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மேலுதடு கிழிந்து, வாயைத் திறக்கும்போதெல்லாம் ரத்தம் கசிந்தது.

உதவி ஆய்வாளர் முத்துலிங்கம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"படத்துல ஒண்ணுமே இல்லீங்களே, அம்மணி."

"படத்த விடுங்க. உங்க எதுக்கதான உக்காந்திருக்கா?" என்றாள் ஆதிரை, செவ்வந்தியின் அக்கா. "கண்ணு தெரியுதில்ல உங்களுக்கு?"

"தெரியுதுங்க. பாத்தா வயிறெரியுது. ஆனா என் கண்ணு சாட்சி இல்லீங்களே. முத்திரை விழுந்த படத்துல காயம் இருந்தாத்தான் வழக்குப் பதிய முடியும்."

அவர் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் சாட்சி மாற்றிச் சொல்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்று ஒரு காலத்தில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அதனால் கருவியே எடுத்து முத்திரையிட்டுத் தரும் முத்திரைப் படம் மட்டுமே சாட்சி என்று சட்டம் வந்தது. யாருடைய முகத்தையும் யாரும் அலங்கோலமாகப் படமெடுத்துக் கேலி செய்யக் கூடாது என்று இன்னொரு கூச்சல். அதனால் முகக் கண்ணியச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து நாட்டில் விற்கும் ஒவ்வொரு படக்கருவியின் சில்லுக்குள்ளும் நெளிப்பான் இருக்கிறது. வீக்கத்தை வற்றச் செய்யும். பக்கத்துத் தோலின் புள்ளிகளை இழுத்து வந்து கன்றிப்போன இடத்தை மூடும். கோணலை நிமிர்த்தும். அணைத்து வைக்க வழி கிடையாது. இரண்டு சட்டங்களும் தனித்தனியே நல்ல சட்டங்கள்தாம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "அக்கா, நெளிப்பான் நீ செஞ்சதுதான?"

ஆதிரை வண்டியின் கதவை அறைந்து சாத்தினாள்.

அவள் செய்ததுதான். கல்லூரியில் படிக்கும்போது, 'வண்ணப்பலகை' என்ற ஓவியச் செயலிக்கு ஒரு செருகுநிரலாக எழுதினாள். படத்தின் எந்தப் புள்ளியையும் பிடித்து ரப்பர்போல இழுக்கலாம். ஒரு திருகு உண்டு. நடுவே பூஜ்ஜியம். வலப்பக்கம் திருப்பினால் முகம் சீராகும், இடப்பக்கம் திருப்பினால் கோணும். விடுமுறையில் இரண்டு பேரும் பெரியமாமாவின் மீசையைக் காதுவரை இழுத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பிறகு ஒரு நிறுவனம் அதை வாங்கியது. அம்மைத் தழும்பு உள்ள பெண்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். இடப்பக்கத்தை வெட்டிவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் எல்லாக் கருவியிலும் நிறுவனம் ஏற்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஆதிரை பழைய கணினியை எடுத்து வண்ணப்பலகையைத் திறந்தாள். நிலையத்தில் கொடுத்த முத்திரைப் படத்தை அதில் ஏற்றினாள். நெளிப்பான் எதையும் அழிப்பதில்லை, நகர்த்தத்தான் செய்யும். எந்தப் புள்ளியை எங்கிருந்து எங்கே தள்ளியது என்ற நகர்வு வலையைப் படத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும். எழுதியவளுக்கு அது தெரியும். மடிப்பைப் பிரித்தாள். திருகைப் பூஜ்ஜியத்தை நோக்கி மெல்லத் திருப்பினாள்.

திரையில் இருந்த அழகியின் கன்னம் பொங்கியது. கண் மூடியது. உதடு பிளந்தது.

செவ்வந்தி வெகுநேரம் அதையே பார்த்தாள். "இதுதான்க்கா நான்," என்றாள். அடி வாங்கியதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

அந்தப் படத்தோடு நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் என்றால் கட்டடம் இல்லை. அவரவர் இடத்தில் இருந்தபடி திரையில் கூடுவது. ஆகவே நீதிபதி அம்மாள் பார்த்த செவ்வந்திக்கும் பளிங்குபோல் முகம். அவளை அடித்த கணவன் அகிலேஷ் இன்னொரு சதுரத்தில், வெள்ளைச் சட்டையில், கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய வக்கீல் ஆதிரையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது திருத்தப்பட்ட படமா, இல்லையா?"

"கருவி திருத்துனத நான் திரும்ப மாத்துனேன். அவ்வளவுதான்."

"ஆமாவா, இல்லையா?"

"கருவிதாங்க பொய் சொல்லுது! நேர்ல வந்து பாருங்க, அவ கன்னத்தத் தொட்டுப் பாருங்க."

"கேட்ட கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லட்டும்," என்றார் நீதிபதி.

ஆதிரை திரையில் தங்கையின் பளிங்கு முகத்தைப் பார்த்தாள். "ஆமா," என்றாள்.

முத்திரையை உடைத்துப் படத்தைத் திருத்தியதற்காக அவளை எச்சரித்தார்கள். நாடு முழுவதும் பொய்யாகிக் கிடந்த கோடிக்கணக்கான படங்களுக்கு நடுவே உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் 'போலி' என்று முத்திரை விழுந்தது.

அன்று ஆதிரை சாப்பிடவில்லை. விடிய விடிய எழுதினாள். எந்தக் கைப்பேசியிலும் ஓடும்படி, எந்தப் படத்தின் மடிப்பையும் பிரிக்கும்படி நிரலை மாற்றினாள். 'மீட்பான்' என்று பேர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே விட்டாள். பூஜ்ஜியத்தில் திருகு நிற்க ஒரு தடை வைத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் நாட்டின் முகமே மாறிப்போனது. சாயப்பட்டறையில் வெந்த கைகள் வெளியே வந்தன. தடியடியில் உடைந்த நெற்றிகள் வந்தன. விடுதிப் பிள்ளைகளின் சூட்டுத் தழும்புகள் வந்தன. நலமாக இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்காகக் காட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக வீங்கி எழுந்தன. தெருவுக்குத் தெரு ஜனங்கள் கொதித்தார்கள். வேறு வழியில்லாமல் மீட்பான் படத்தையும் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள்; செவ்வந்தியும் மறுபடி மனுப் போட்டாள். செவ்வந்தி செய்திகளைப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்திதான்னு நெனச்சேன்," என்றாள். அவளுக்கு வீக்கம் வற்றிக்கொண்டிருந்தது.

மறுவாரம் முத்துலிங்கம் கூப்பிட்டார். குரலில் சங்கடம்.

"உங்க தங்கச்சி மேல புகார் வந்திருக்குதுங்க. வீட்டுக்காரர அடிச்சிருக்கறாங்களாம். படம் இருக்குது. மீட்பான்ல எடுத்தது."

படத்தில் அகிலேஷின் இடது கண் மூடிக் கிடந்தது. கன்னம் கத்தரிக்காய் நிறம். மேலுதடு கிழிந்திருந்தது.

ஆதிரைக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. ஒரு கீறலும் இல்லாத முகத்தை ஏற்றி, திருகைப் பூஜ்ஜியத்தைத் தாண்டி இடப்பக்கம் தள்ளியிருக்கிறான். செவ்வந்தியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக, அதே இடங்களில். தான் அடித்த அடி எங்கெங்கே விழுந்தது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

நிலையத்து வாசலில் அவனே எதிரே வந்தான். முகத்தில் கொசு கடித்த தடம்கூட இல்லை.

"உங்க சாமான் நல்லா வேல செய்யுதுங்க்கா," என்றான் மரியாதையாக.

அவள் அறைந்தாள். நாலு பேர் பார்க்க, உள்ளங்கை எரிய எரிய. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சுவரிலிருந்த சாட்சிக்கண்ணைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் அறைந்த தடமும் அதில் தெரியாது.

அவனைப் பார்த்து ஆயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். தொழிலாளிகள் அடித்ததாக முதலாளிகள் தங்கள் முகத்தில் காயம் காட்டினார்கள். அடித்த காவலர்கள் அடிபட்டவர்களாக வந்து நின்றார்கள். எது மீட்டது, எது தள்ளியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. கடைசியில் மேல் நீதிமன்றம் ஒரேயடியாக அடித்துச் சொன்னது: இனி எந்தப் படமும் சாட்சி ஆகாது. காயம்பட்டவர் நேரில் வர வேண்டும். நீதிபதி தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

"இதத்தானடி நாம முதல் நாளே கேட்டோம்!" என்று ஆதிரை தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

பூட்டிக் கிடந்த நீதிமன்றக் கட்டடங்களைத் திறந்து, ஒட்டடை அடித்து, நாற்காலி போட்டு, முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகுதான் செவ்வந்தியின் முறை வந்தது.

அதே நீதிபதி அம்மாள்தான். இந்தத் தடவை மேடையை விட்டு இறங்கியே வந்தார். செவ்வந்தியின் முகவாயைத் தொட்டு வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"ஆறிப்போச்சுங்க."

"வலி இருக்கா?"

"மெல்லும்போது இருக்குங்க. அது வெளிய தெரியாதுங்களே."

நீதிபதி அகிலேஷின் முகத்தையும் அதே அக்கறையோடு பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்தார். பிறகு செவ்வந்தியிடம் தணிந்த குரலில் சொன்னார், "மறுபடி ஏதாவது நடந்தா, உடனே நேர்ல வந்துரும்மா."

"அப்ப இன்னொரு தடவ வாங்கிட்டு வரச் சொல்றீங்களா?"

நீதிபதி மேடைக்குத் திரும்பி ஏறினார். டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

ஆதிரை தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரம் நெடுக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூணோரம் ஒரு பெண், நூல்மில்லில் வேலை செய்பவள்போலத் தலைமுடியில் பஞ்சுத் துகள், தன் முழங்கையை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். காயத்தின் மேல் கட்டியிருந்த பொருக்கை நகத்தால் மெல்ல, பல்லைக் கடித்தபடி பெயர்த்துக்கொண்டிருந்தாள். புது ரத்தம் முத்துப்போல் எழும்பியது.

ஆதிரை பாய்ந்து அவள் கையைப் பற்றினாள். "என்ன பண்றீங்க நீங்க?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, விவரம் தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுமைதான் இருந்தது.

"என் முறை வர இன்னும் எத்தன நாளாகுமோ தெரியலீங்க. அதுக்குள்ள ஆறிடக் கூடாதில்லீங்களா?"