றமீஸின் பெயரில் ஒருவன்

கொடியில் றமீஸ் இடுப்பில் உடுத்தும் நீலச் சாரம் தொங்கியது. காலையில் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் அவன் படகு என்ஜின் திருத்தும் கொட்டிலுக்குப் போயிருந்தான். இப்போது அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மஃரிப் பாங்கு ஓய்ந்து, தலைமன்னார்க் கடற்காற்று பனையோலைகளை உரசிக்கொண்டிருந்த அந்த அந்தி மங்கலில், சாரத்திலிருந்து சவர்க்கார வாசம் வரவில்லை. சேறும் அழுகிய பாசியும் கலந்த ஒரு நெடி அவன் தொண்டைவரை இறங்கியது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மனைவி றுமைஸா சிரிப்பது கேட்டது. கூடவே ஒரு ஆணின் சிரிப்பு, முடிவில் சின்ன இருமலோடு. வெளியே நின்ற றமீஸும் அப்படித்தான் சிரிப்பான்.

தட்டினான். திறந்தவன் றுமைஸாவின் அண்ணன் ஜவாஹிர். கையில் துடுப்பு இருந்தது. அவனுக்குப் பின்னால் அயலவர்கள் நாலைந்து பேர்.

"என்ன மச்சான், உள்ள ஆர்?"

"மச்சான் எண்டு கூப்பிடாத. றமீஸ் வந்திட்டார். போன மாசம் மணல் திட்டுக்கு என்ஜின் பார்க்கப் போன மனுசனை அடிச்சுக் கடல்ல தள்ளிப்போட்டு, அவர்ர அடையாள அட்டையோட, அவர்ர பேரோட நீ வந்து இந்த வீட்டில இருந்திருக்கிறாய்."

விளையாட்டுக்குச் சொல்லும் பகிடி என்றுதான் றமீஸ் முதலில் நினைத்தான். ஜவாஹிரின் கண்களில் பகிடி இல்லை. அவசரமாக அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். ஜவாஹிர் டோர்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

"படத்தில இருக்கிறது அவர்தான். களவெடுத்த அட்டையில வேற ஆர் இருப்பினம்?"

"பொலிசுக்குப் போன் எடு. நான் சொல்றன் அவங்களுக்கு."

"எடுத்தாச்சு. வருவினம்."

றமீஸ் சட்டையைக் கிழித்துத் தோளைக் காட்டினான். "சின்னனில உன்ர தூண்டில் இழுத்த காயம், மச்சான். வாப்பாட்ட சொல்லாத எண்டு அழுதாயே!"

ஜவாஹிரின் முகம் இருண்டது. "அதையும் அவரிட்ட இருந்துதான் பிடுங்கினியா?"

துடுப்பு அந்தத் தோளிலேயே விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் காதுக்குள் கேட்டது. மண்ணில் முகம் குத்த விழுந்தவனை யாரோ உதைத்தார்கள். வாய்க்குள் மணல், இரத்தம், உடைந்த பல்.

வாசலில் றுமைஸா நின்றாள்.

"றுமைஸா, மகள் பிறந்த அண்டைக்கு அவள்ர காதில நான் பாங்கு சொல்லேக்க நீ ஏன் அழுதனீ எண்டு என்னட்ட மட்டும்தானே சொன்னனீ? உன்ர உம்மா பேத்தியைப் பார்க்காமலே கண்ணை மூடிட்டா எண்டு..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நானா, இவன் அதையும் எடுத்துப்போட்டான். எல்லாத்தையும் எடுத்துப்போட்டான்!"

அப்போதுதான் றமீஸுக்குப் புரிந்தது. அவன் சொல்லும் ஒவ்வொரு உண்மையும் அவர்களுக்கு இன்னொரு களவு. இனிப் பேசக்கூடாது. பேசாவிட்டாலும் அடி விழுந்தது. முழங்காலில். விலாவில். மீண்டும் முழங்காலில். நைலோன் கயிற்றால் கைகளைக் கட்டி, உள்ளே இழுத்துப் போட்டார்கள். தரை ஈரம். அதே நெடி. ஜவாஹிர் அவன் தலைக்கு மேலே துடுப்பை ஓங்கினான்.

"முகத்தில அடியாதேங்கோ," என்றது றமீஸின் குரல்.

ஆனால் கீழே கிடந்த றமீஸ் வாயே திறக்கவில்லை.

"அது என்ர."

அறைக்குள்ளிருந்து அது வந்தது. அவனுடைய உயரம். அவனுடைய நடை. விளக்கடியில் நின்றது. கழுத்துக்கு மேலே கண் இல்லை. மூக்கு இல்லை. கணவாய் மீனின் வயிறு போல வெள்ளையாக, வழுவழுப்பாக, ஒரு கீறல் மட்டும். கீறலிலிருந்து கடல்நீர் வழிந்தது.

றமீஸ் அலறினான். வேறு யாரும் அலறவில்லை. யாரும் பின்வாங்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று றுமைஸா அன்போடு சொன்னாள். துவாயால் அந்த வெள்ளைத் தசையை மெல்ல ஒற்றி, ஈரம் போகத் துடைத்தாள்.

ஜவாஹிர் மீன் வெட்டும் கத்தியோடு றமீஸின் தலைமாட்டில் குந்தினான். தலைமயிரைப் பிடித்து முகத்தை விளக்குக்குத் திருப்பினான். பிறகு விளக்கடியில் நின்ற அதை அண்ணாந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

"எங்க இருந்து தொடங்கட்டும், மச்சான்?"