கேமராவில் போட்ட துண்டு

மூன்றாம் கட்டிலின் அலாரம் அலறியது.

அம்பத்தூர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த டாக்டர் அருள்மொழி திரையைப் பார்த்தாள். நெமிலிச்சேரி தாண்டி இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கிடையாது. ஒரு நர்ஸ். கட்டிலருகே கேமராவும் திரையும் பொருத்திய ஒரு வண்டி. மீதியை இங்கிருந்து அருள்மொழி பார்த்துக்கொள்வாள்.

மதியம் மூன்று மணி. திரையில் நோயாளி கோபி துடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கழுத்தை ஒருவன் நெரித்துக்கொண்டிருந்தான்.

"ஷைலா, அந்த ஆளைப் பிடிச்சு இழு."

நர்ஸ் ஷைலா ஓடி வந்தாள். "எந்த ஆளு டாக்டர்? இங்க யாருமே இல்லியே."

கோபியின் தலை கட்டில் கம்பியில் மோதியது. மறுபடியும் மோதியது. தலையணை சிவந்தது. குறுக்கே பாய்ந்த ஷைலாவை ஏதோ ஒன்று தூக்கிச் சுவரில் அடித்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

நெரித்தவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். மணிக்கட்டில் அறுந்த துணிக்கட்டு தொங்கியது.

"கன்னியப்பன்!" அருள்மொழி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை இதே கட்டிலில் செத்தவன். மூச்சுக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவன் கைகளைக் கம்பியோடு கட்டியிருந்தார்கள். குழாய் தானாகவே கழன்றது. பதினோரு நிமிடம் யாரும் வரவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில் ஷைலா பக்கத்து வார்டில் இருந்தாள்.

உடம்பு துடைக்கும்போது மறைப்புக்காகக் கேமராவில் போட்ட துண்டை நர்ஸ் எடுக்க மறந்துவிட்டாள் என்று அருள்மொழி ரிப்போர்ட் எழுதினாள். நாளைக்கு ஷைலாவுக்கு விசாரணை. வேலை போய்விடும்.

"கன்னியப்பன் அண்ணனா டாக்டர்?" ஷைலா கிசுகிசுத்தாள். "அவரு இன்னா கேக்குறாரு?"

கன்னியப்பன் ஒரு கையால் நெரித்தபடி, மறு கையைக் கேமராவை நோக்கி நீட்டினான். கோபியின் ஆக்சிஜன் அறுபது. ஐம்பத்திரண்டு.

நாற்பத்தொன்று.

"அவனை விட்டுடு," என்றாள் அருள்மொழி. "துண்டே இல்ல. நீ கையைக் கம்பியில அடிச்சுக் கூப்பிட்டதைப் பார்த்தேன். சும்மா முரண்டு பண்றேன்னு நினைச்சேன். அலாரத்தை நிறுத்தினது நான்தான்."

பிடி விட்டது. கோபி இருமி, மூச்சை இழுத்தான். எண்கள் ஏறத் தொடங்கின. கட்டிலருகே இப்போது யாரும் இல்லை.

அருள்மொழி நாற்காலியில் சாய்ந்தாள்.

டெட்டாலும் சீழும் கலந்த வாசனை அடித்தது.

திரையின் ஓரத்தில் அவள் முகம் தெரியும் சின்னக் கட்டம். அதில், அவள் தோளுக்கு மேல், அறுந்த துணிக்கட்டு ஒன்று ஆடியது.

குளிர்ந்த விரல்கள் கழுத்தில் இறுகின.

"ஷைலா... இங்க யாரையாவது... அனுப்பச் சொல்லு..."

ஷைலா வண்டியின் திரையை உற்றுப் பார்த்தாள். உதட்டு ரத்தத்தை ஒரு துண்டால் நிதானமாகத் துடைத்தாள். பிறகு அதை விரித்து, கேமராவுக்கு நேராக உயர்த்தினாள்.

"அன்னிக்கு நான் போடாத துண்டு டாக்டர். இப்பப் போடுறேன்."