துணியில் ஒட்டாத கறுப்பு

"இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் காலை வெச்சீங்க... நடக்கிறதே வேற, அண்ணி!"

கஞ்சித் தூக்கை மூடிக்கொண்டிருந்த ஷாகிராவின் கை அப்படியே நின்றது. பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய நாத்தனார் முபீனா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"மாமிக்கு என்னாச்சு முபீனா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க! சுகர் ஏறி மயங்கி விழுந்த மனுஷி. மூக்குப்பொடியே ஆகாதுன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. நேத்து வரைக்கும் கூட இருந்தது நீங்கதானே? இன்னிக்குப் பாத்தா மூக்கு பூரா கறுப்பா பொடி! கன்னம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாம கிடக்காங்க. பக்கத்துக் கட்டில் மேரிசெல்விகிட்ட சொல்லிட்டு ஓடியாந்தேன்."

"அல்லா மேல ஆணையா நான் குடுக்கல..."

"வீட்டுல தினம் பொடி வாங்கிக் குடுத்தது யாரு? நானா?"

உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த யூசுப் மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "துணியை எடுத்து வெச்சுக்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அனுமந்தையில உங்கம்மா வீட்டாண்ட இறங்கிக்க. எங்கம்மா பிழைச்சு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

பதினோரு வருஷக் குடித்தனம்... ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டது!

அனுமந்தையில் பஸ் நின்றது. ஷாகிரா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கு."

"மாட்டேங்க. மாமியை ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டு, நீங்க எங்க போகச் சொன்னாலும் போறேன்."

"ஏம்பா, இறங்குறதுன்னா இறங்குங்க! பஸ்ஸுலயா குடும்பம் நடத்துவாங்க?" என்று சிடுசிடுத்த கண்டக்டர், பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதினார்.

வார்டில் மாமி ஜெயினம்பு அரைமயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். ஷாகிரா முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். மாமியின் மூக்கை மெல்லத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

துணியில் துளிக் கறுப்பும் ஒட்டவில்லை!

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் முபீனா முந்திக்கொண்டாள். "இவங்கதான் சார் பொடி குடுத்தது!"

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?"

"திட்டுங்க சார், கேட்டுக்கறேன். ஆனா பொடின்னா துணியில வரணுமில்ல? பாருங்க... வரலை! தொட்டா மாமிக்கு உணர்ச்சியும் இல்ல..."

டாக்டரின் முகம் மாறியது. டார்ச்சை வாங்கி மூக்குக்குள் அடித்தார். வாயைத் திறக்கச் செய்தார். மேலண்ணத்திலும் அதே கறுப்பு!

"பொடி இல்ல... பூஞ்சை! பழைய ரொட்டியில படருமே, அந்த மாதிரி. சுகர் ஏறின உடம்புல மூக்கு வழியா இறங்கி சதையையே கருக்கிடும். கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிட்டா என் கையில இல்ல. சிஸ்டர், தியேட்டரை ரெடி பண்ணுங்க!"

முபீனா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். யூசுப்பால் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கருகிய சதையை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் நாள்தோறும் பாட்டில் மருந்து. அது ஏறும்போதெல்லாம் ஜெயினம்புக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். ஷாகிரா கம்பளியோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அவளை ஊருக்குப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம் டாக்டர் புண்ணுக்குப் போட்ட கட்டை மாற்றிவிட்டுச் சிரித்தார். "கண்ணு தப்பிச்சுது. உயிரும்தான். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..."

ஜெயினம்பு மூக்கடைத்த குரலில் மகனைக் கூப்பிட்டாள். "டேய் யூசுப்... உம் பொண்டாட்டி கல்நெஞ்சக்காரிடா! ஒரு சிட்டிகை பொடிக்குக் கெஞ்சுனேன், அழுதேன். குடுத்தாளா? அந்தக் கோவத்துலதான் அவகிட்ட பேசாம கிடந்தேன். கடைசியில கண்ணைக் காப்பாத்துனது அவதானாமே! முபீனா அழுது சொன்னதையெல்லாம் மேரிசெல்வி எங்கிட்ட சொன்னா. பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னியாமே? இனி ஒரு தரம் அவளை அனுப்புனே... நானும் அவகூடவே போயிடுவேன்!"

"தப்புதாம்மா..." யூசுப் மனைவி பக்கம் திரும்பினான். "ஷாகிரா... என்னை மன்னிச்சுடு."

"அண்ணி!" முபீனா பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "என் வாயிலயே ரெண்டு போடுங்க அண்ணி..."

இத்தனை நாள் வராத அழுகை ஷாகிராவுக்கு அப்போதுதான் வந்தது. அழுது தீர்ந்ததும், மாமியின் கட்டிலோரம் தலை சாய்த்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

வார்டைக் கூட்ட வந்தவள் துடைப்பத்தால் கட்டில் காலைத் தட்டினாள். "இந்தாம்மா, எந்திரி! கூட இருக்கறவங்க இங்கல்லாம் படுக்கக் கூடாது!"

முபீனா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மெதுவா பேசு! எங்க அண்ணி தூங்குறாங்கல்ல?"